டாக்டர் மெச்சின கை

— அவர்கிட்ட கேட்காத மசுமி. அவர் வாயில உண்மை வராது. எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளு.

— நல்லா இருக்கு அண்ணி. ஒசாகாலேர்ந்து வந்து இறங்கி இன்னும் கோட்டைக் கூடக் கழட்டல, அதுக்குள்ள என் அண்ணனைப் பொய்யனாக்கிட்டீங்க. அண்ணன் எங்க?

— துறைமுகம் வரைக்கும் நடந்துட்டு வரப் போயிருக்கார். வர்றதுக்குள்ள பேசி முடிச்சிடணும். கோட்டைக் கழட்டிட்டு காலைக் கொதாத்சுக்குள்ள விட்டுக்கோ. மேசைக்கு அடியில சூடு போட்டுத்தான் வெச்சிருக்கேன்.

— கழட்டணும்னா பொத்தான் கழலணுமே. அதானே நம்ம கதை. ரயில்ல புழுங்கித் தொலைச்சுச்சு. கழட்ட முடியாம அப்படியே வெந்துக்கிட்டு வந்தேன். பக்கத்துல இருந்த பொண்ணைக் கேட்கலாமான்னு பார்த்தேன். அறுபத்திமூணு வயசுல பொத்தான் கழட்டிவிடுன்னு எப்படிக் கேட்கறது சொல்லுங்க.

— தாடையைத் தூக்கு. ம். கையை விடு. உங்க குடும்பத்துக்குப் பொத்தான் போட்டுக் கழட்டறதுக்குன்னே பொறந்திருக்கேன் போல.

— அதுல நீங்க கெட்டிக்காரிதான். ஒரு நொடியில கழட்டிட்டீங்க.

— பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஒசாகா டாக்டர் என்ன சொன்னார், அதைச் சொல்லு.

— அண்ணனுக்கு இருந்த அதே வியாதிதானாம். கழுத்துக்குள்ள தண்டுவடத்தை ஒட்டி ஒரு நார் ஓடுதாமே, அது எலும்பாட்டம் இறுகிப்போய் நரம்பை நசுக்குதாம். முதல்ல எனக்குத் தெரியவே இல்ல அண்ணி. நான் வேலை செய்யற கடையில சோத்துப் பெட்டிக்கு மூடி போடும்போது மூடி நழுவி நழுவிப் போச்சு. முதலாளி என்னைப் பார்த்து, 'என்ன அக்கா, காலையிலயே ஊத்திக்கிட்டீங்களா'ன்னான். அப்புறம் செருப்பு. நான் இங்க நடக்கறேன், செருப்பு அங்க கிடக்கு. கழண்டதே காலுக்குத் தெரியல.

— அவருக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

— அதேதான் டாக்டரும் கேட்டார். வீட்டுல வேற யாருக்காவது உண்டான்னு. இருக்கேன்னேன். அண்ணனுக்குப் பின்கழுத்துல எலும்பைக் கதவு மாதிரித் திறந்து வெச்சாங்க, பன்னிரண்டு வருஷம் ஆச்சுன்னேன். அவர் முகத்தைப் பார்க்கணுமே. என்னமோ ஊர்ல எனக்கு நிலம் இருக்குன்னு சொன்ன மாதிரி மலர்ந்து போச்சு.

— கதவாம் கதவு. உனக்கு எப்ப நாள் குறிச்சிருக்காங்க?

— வர்ற வியாழக்கிழமை. படுக்கை ஒதுக்கியாச்சு. இன்னைக்குள்ள சம்மதமா இல்லையான்னு போன் பண்ணிச் சொல்லணும். பண்ணிக்கலைன்னா என்ன ஆகும்னு கேட்டேன். பனியில ஒரு தடவை வழுக்கி விழுந்தா போதும், கழுத்துக்குக் கீழ உங்களுக்குன்னு எதுவும் மிஞ்சாதுன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார் அண்ணி.

— சிரிக்கத்தான் செய்வாங்க. கழுத்து அவங்களுதா என்ன?

— எனக்குப் பயமா இருக்கு. பின்னாடிலேர்ந்து கழுத்தைக் கிழிக்கறதுன்னா சும்மாவா. அதான் அண்ணனை நேர்ல பார்த்து, அது கையைப் பார்த்து முடிவு பண்ணலாம்னு வந்தேன். போன்ல கேட்டா, 'எனக்கு நல்லாயிடுச்சு, நீயும் பண்ணிக்கோ'ன்னு ஒரே வரி. அப்புறம் இருமுது, வெச்சிடுது.

— டாக்டர்கிட்டயும் அதே வரிதான். கேட்டியா, வருஷா வருஷம் ஜனவரியில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவாங்க. ஆபரேஷன் ஆனவங்க காலப்போக்குல எப்படி இருக்காங்கன்னு பார்க்க. அதுக்கு ஒரு மாசம் இருக்கும்போதே இவர் ஆரம்பிச்சிடுவார். குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு விரலை மடக்கறதும் விரிக்கறதும். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. கண்ணாடிக் கதவுல நிழல் தெரியாதா?

— எதுக்கு அப்படிப் பண்ணுது?

— பரீட்சைக்குப் படிக்கிறார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே, 'கையை மூடுங்க, திறங்க, வேகமா'ன்னு சொல்லி எண்ணுவார். அப்புறம் கேள்வி. குச்சியில சாப்பிட முடியுதா? முடியுது. பொத்தான்? நானே போட்டுக்கறேன். மாடிப்படி? கம்பியைப் பிடிச்சு ஏறறேன். எல்லாம் உங்க தயவு டாக்டர், உங்க தயவு. கழுத்துதான் குனியாதே, இடுப்பை வளைச்சு வளைச்சுக் கும்பிடுவார். வெளியில தாழ்வாரத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கற எனக்குக் குமட்டிக்கிட்டு வரும்.

— நீங்க உள்ள போய்ச் சொல்ல வேண்டியதுதானே?

— எப்படிச் சொல்றது? உயிரைக் காப்பாத்தின டாக்டர் முகத்துக்கு நேரா, உங்க வேலை விளங்கலைன்னா? அதுவும் வருஷக் கடைசியில அவர் வீட்டுக்குப் பெரிய மீனாப் பார்த்து அனுப்பிட்டு? நர்ஸுங்க நடுவுல புருஷனைப் பொய்யன்னு சொன்னா இவர் அப்புறம் எந்த முகத்தோட வெளியில வருவார்? வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுவும் எனக்கு அசிங்கமாத்தான் இருக்கு.

— டாக்டர் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருக்கும். நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். எங்க கடைக்கு வர்ற கிழவி ஒருத்தி, பல் செட்டு கடிக்கவே இல்ல, டாக்டர் கேட்டா 'அருமை'ன்னு சொல்லிட்டு வந்து என்கிட்டக் கஞ்சி வாங்கறா.

— கஞ்சி குடிச்சுட்டுப் போகட்டும். அவளை யாரும் மேடையில ஏத்தலையே. போன இலையுதிர் காலத்துல என்ன நடந்துச்சு தெரியுமா? ஊர் மண்டபத்துல அந்த டாக்டர் கழுத்து வியாதியைப் பத்திப் பேசினார். நம்ம உவோசு ஊர் ஜனம் முழுக்க உக்காந்திருக்கு. இவரை மேல ஏத்தி, 'பாருங்க, பன்னிரண்டு வருஷம் ஆன கை'ன்னார். இவர் ரெண்டு கையையும் தூக்கி மடக்கி விரிச்சு, மடக்கி விரிச்சு... கை தட்டறாங்க மசுமி. மீன் கடைக்காரி அழறா. அன்னைக்குக் காலையில அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டது யாரு? நான். காலுறை? நான். பேண்ட்டு ஜிப்பு? சொல்லவே கூசுது, அதுவும் நான்.

— ஜிப்பு கூடவா அண்ணி?

— ஜிப்புக்கே வாயைப் பொளக்கறியே. கால் நகம் வெட்டறது நான். மஞ்சளா, தடியா, வெட்டினா எகிறி வந்து என் மேல விழும். தலைமுடியில கூட விழுந்திருக்கு, கடைத்தெருவுக்குப் போய்ட்டு வந்தப்புறம் கண்ணாடியில பார்த்தேன். வாரத்துக்கு ஒரு தடவை என் மடியில தலை வெச்சுப் படுத்துக்குவார், காது குடையணும். கழுத்து திரும்பாதே, நான்தான் எழுந்து அந்தப் பக்கம் போய் உக்காரணும். உள்ளேர்ந்து வர்றதைப் பார்த்தா... சீ. அதுக்குள்ள வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கிடுவார். எச்சில் என் துணியில ஈரமா ஊறும்.

— போதும் அண்ணி. டீ உள்ள இறங்க மாட்டேங்குது.

— இறங்க வேண்டாம், தெரிஞ்சுக்கோ. முதல் வருஷம் கழிப்பறையில கழுவி விட்டதும் நான்தான். அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல. முடியாத மனுஷனுக்குச் செய்யறது செய்யறதுதான். எனக்கு அருவருப்பா இருக்கறது அந்தப் பொய். வீட்டுல கை விளங்காத குழந்தையாட்டம் நிக்கறது, ஆஸ்பத்திரியில போய்ப் பயில்வான் ஆயிடறது. அங்க அவர் நடிக்கறதுக்கு இங்க நான் ஒப்பனை போட்டு அனுப்பறேன்.

— அப்ப அந்த ஆபரேஷனால அண்ணனுக்கு ஒண்ணுமே ஆகலையா?

— நடக்கறார். கம்பு இல்லாம நடக்கறார், அதை ஒத்துக்கறேன். அதுக்கு முன்னாடி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பார். ஆனா கை? வரவே இல்ல. வந்திருந்தா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்.

— என்ன சொல்றீங்க? எங்க இருந்திருப்பீங்க?

— கனாசவாவுல. உனக்குத் தெரியாது, உங்க வீட்டுல யாருக்குமே தெரியாது. அவர் பஸ் கம்பெனியில ஓய்வு வாங்கற அன்னைக்கு நான் பிரிஞ்சு போறதா முடிவு பண்ணியிருந்தேன். அவர் முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். ஒரு அறை கூடப் பார்த்து வெச்சிருந்தேன். ஜன்னலைத் திறந்தா ஆறு.

— அடிப்பாவி... மன்னிச்சுக்கோங்க அண்ணி, வாய் தவறி வந்துடுச்சு. ஏன்? அண்ணன் குடிச்சதில்ல, கை நீட்டினதில்ல.

— கை நீட்டியிருந்தாலாவது நான் அங்க இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சிருப்பேன். முப்பது வருஷம் என்கிட்டப் பேசினது என்ன? 'சோறு.' 'குளியல்.' 'படுக்கறேன்.' பஸ்ல ஏறின முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் 'படி பார்த்து இறங்குங்க, நன்றி'ன்னு சொல்லுவார். எனக்கு அதுகூடக் கிடையாது. நான் போறேன்னு சொன்னப்ப என்ன சொன்னார் தெரியுமா? 'ம்.'

— அது அண்ணனேதான்.

— ஓய்வுக்கு மூணு மாசம் இருக்கும்போது கால் பின்ன ஆரம்பிச்சுது. கை போச்சு. ஒரு நாள் பஸ் கதவைத் திறக்கற பொத்தானை அமுக்க விரல் வரல, ஜனம் உள்ள நிக்குது, இவர் முழங்கையால இடிச்சுத் திறந்தாராம். அந்த நிலையில விட்டுட்டு எப்படிப் போறது? ஊர் பேசும்னு இல்ல, எனக்கே மனசு வரல. அறையை வேண்டாம்னு சொல்லிட்டேன். 'உங்க கை சரியாகற வரைக்கும் இருப்பேன், சரியானதும் போயிடுவேன்'னு சொல்லித்தான் ஆபரேஷனுக்கு அழைச்சுக்கிட்டுப் போனேன்.

— சரியாகவே இல்ல.

— சரியாகவே இல்ல. அதான் சொல்றேன், அவர் பேச்சை நம்பிக் கழுத்தைக் குடுத்துடாத. எனக்கு உன் மேல பிரியம் உண்டு, உங்க அம்மா உயிரோட இருந்தப்ப இந்த வீட்டுல எனக்காகப் பேசினது நீ ஒருத்திதான்.

— வாசல் கதவு சத்தம் கேக்குது அண்ணி.

— வந்துட்டார். செருப்புல இருக்கற பனியை உதறாம நடைக்கு வந்து நிப்பார் பாரு.

— மசுமியா? எப்ப வந்தே? பனியில ரயில் நிக்கலையா?

— நிக்கலை அண்ணா, வந்து ரொம்ப நேரமாச்சு. முகமெல்லாம் செவந்து கிடக்கு உனக்கு.

— ம். கடல் காத்து. நொபுயோ, கோட்டு.

— பார்த்தியா மசுமி? 'நொபுயோ, கோட்டு.' நில்லுங்க. ரெண்டு கையையும் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறதைப் பாரு, துணிக்கடை பொம்மை மாதிரி. தாடையைத் தூக்குங்க. மூக்கு ஒழுகுது, அதையும் நான்தான் துடைக்கணுமா? இந்தாங்க.

— ம். என்ன சமையல்?

— சோயாவுல கொதிக்க வெச்ச நாக்கு மீன். உக்காருங்க. உங்க தங்கச்சி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

— அண்ணா, நான் ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடப் போறேன்.

— ஏன்?

— ஏன்னா? நீ நல்லா இருக்கேன்னு சொன்னதை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இப்ப என் கண்ணு முன்னாடி கோட்டைக் கழட்டிவிட ஆள் தேடறே. பன்னிரண்டு வருஷம் கழிச்சு நானும் இப்படித்தான் நிக்கணும்னா எதுக்கு அந்தக் கிழிசல்?

— அவசரப்படாத. பண்ணிக்கோ மசுமி.

— பண்ணிக்கோ, பண்ணிக்கோ. அதைத் தவிர வேற ஒரு வார்த்தை சொல்லேன். உண்மையைச் சொல்லு, என்ன ஆகும் எனக்கு?

— ம்... கழுத்து கட்டையாட்டம் ஆயிடும். யாராவது கூப்பிட்டா உடம்போடதான் திரும்பணும். வானத்தை அண்ணாந்து பார்க்க முடியாது. பனிக்காலத்துல தோள் ரெண்டும் இழுக்கும், அதுக்கு மாத்திரை குடுப்பாங்க, பெருசாக் கேட்காது. பாதம் எனக்கு இன்னும் மரத்துதான் கிடக்கு. அதெல்லாம் போகாது. ஆனா கை வரும்.

— உனக்கு வந்துச்சா?

— டாக்டர் சொல்றார்...

— டாக்டர் சொல்றாராம். நீங்க டாக்டர்கிட்டச் சொன்னதைத்தான் டாக்டர் திருப்பிச் சொல்றார். வெக்கமா இல்ல உங்களுக்கு? கூடப் பொறந்தவகிட்டயுமா? காட்டுங்க கையை. ஆஸ்பத்திரியில காட்டற வித்தையைக் காட்டுங்க, பார்க்கலாம்.

— நொபுயோ, நீ கொஞ்சம் சும்மா இரு.

— அண்ணா, அண்ணியைத் திட்டாத. என்னைப் பார்த்துப் பதில் சொல்லு. வந்துச்சா?

— உனக்கு வரும். நீ என்னை மாதிரித் தள்ளிப் போடாம சீக்கிரமாப் பண்றே...

— உனக்கு வந்துச்சான்னு கேட்டேன்.

— அதை விடு.

— விட்டுட்டேன். அவ்வளவுதான். அண்ணி, என் பையிலேர்ந்து போனை எடுங்க. அந்த ஆஸ்பத்திரி எண்ணை நீங்களே அமுக்கிக் குடுங்க, எனக்கு விரல் நாலு எண்ணை ஒண்ணா அமுக்குது. வேண்டாம்னு சொல்லிட்டு நிம்மதியா இருக்கேன்.

— வழுக்கி விழுந்தா செத்துப் போவே மசுமி.

— செத்தா நல்லதுதானே அண்ணா. விழுந்து சாகாம கிடந்தாத்தான் கஷ்டம்.

— அபசகுனமாப் பேசாத. முதல்ல சாப்பிடு, அப்புறம் போன் பண்ணலாம். மீன் ஆறுது. இரு, முதல்ல இவருக்கு முள்ளை எடுத்துட்டு உனக்கு எடுத்துத் தர்றேன்.

— நானே பார்த்துக்கறேன் அண்ணி. குச்சியைப் பிடிக்க முடியுது, கிள்ளத்தான் முடியல... ஐயோ. போச்சு. கொதாத்சு மேல போட்ட உங்க நல்ல போர்வையில குழம்பு.

— போகட்டும், துவைச்சுக்கலாம். குச்சியை வை.

— பாருங்க, சாப்பிடக்கூடத் தெரியாதவளாயிட்டேன். இதைப் பார்த்துட்டுச் சிரிக்காம இருக்கீங்களே, அதுவே பெரிசு.

— அந்தத் தட்டை இப்படித் தள்ளு.

— உங்க தட்டு இதோ வருது, பொறுங்க. எப்பப் பார்த்தாலும் உங்களுக்குத்தான் முதல்ல.

— என்னுது இல்ல நொபுயோ. மசுமியோடதைத் தள்ளு.

— எதுக்கு? என்ன பண்றீங்க? குச்சியை எதுக்கு எடுக்கறீங்க?

— மசுமி, இங்க பாரு. என் மூஞ்சியைப் பார்க்காத, கையைப் பாரு. தலைகிட்ட இப்படி லேசாக் குத்தி, நடுமுள்ளை ஒட்டி வால் வரைக்கும் ஒரு கோடு. மேல் பாதியை இந்தப் பக்கம், கீழ்ப் பாதியை அந்தப் பக்கம் ஒதுக்கிட்டு, வால்கிட்டப் பிடிச்சுத் தூக்கினா...

— அண்ணா. முள்ளு முழுசா வந்துடுச்சு.

— ஓரத்துல பொடி முள் இருக்கும், தொண்டையில சிக்கும். அதையும் எடுத்துடறேன். ம். சாப்பிடு. ஆபரேஷனைப் பண்ணிக்கோ.

— அண்ணா, உன் கை நடுங்கவே இல்லையே. எனக்குக் கை நல்லா இருந்தப்பகூட நாக்கு மீன்ல இப்படி முள்ளெடுத்ததில்ல. அண்ணி, பார்த்தீங்களா?

— உங்க சட்டையில மேலேர்ந்து ரெண்டாவது பொத்தானைக் கழட்டுங்க.

— நொபுயோ, அதெல்லாம் எதுக்கு...

— கழட்டுங்க. ம். இப்பப் போடுங்க. அடுத்தது. மணிக்கட்டுல இருக்கறது. அதையும் கழட்டிப் போடுங்க. ஒத்தைக் கையாலயே வருதா? சரி. எப்பலேர்ந்து?

— அது வந்து...

— எப்பலேர்ந்துன்னு கேட்டேன்.

— ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது வசந்தம். செர்ரி பூத்திருந்துச்சு. நீ துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தே. குளியலறையில சட்டையை மாட்டிக்கிட்டுச் சும்மா விரலை வெச்சுப் பார்த்தேன். ஒரு பொத்தான் போட வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. எல்லாத்தையும் போட்டுட்டேன்.

— போட்டுட்டு?

— கண்ணாடியில பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம் எல்லாத்தையும் கழட்டிட்டு உன் முன்னாடி வந்து நின்னேன்.

— அண்ணா, நீ என்ன காரியம் பண்ணியிருக்கே?

— கை சரியானதும் போறேன்னு சொல்லியிருந்தா. சரியாயிடுச்சுன்னு சொன்னா அன்னைக்கே போயிருப்பா. ஒரு மாசம் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு பார்த்தேன். அப்புறம் வெயில் காலம் வந்துச்சு. அப்புறம் சொல்ற மாதிரியே இல்ல.

— அப்ப ஆஸ்பத்திரியில சொன்னதெல்லாம் நிஜம். பொத்தான் போடறேன், குச்சியில சாப்பிடறேன், எல்லாம் நிஜம்.

— ம். டாக்டர்கிட்டப் பொய் சொல்லக் கூடாதில்ல.

— கேட்டியா மசுமி? டாக்டர்கிட்டப் பொய் சொல்லக் கூடாதாம். நான் தாழ்வாரத்துல உக்காந்து இந்த மனுஷன் பொய் சொல்றாரேன்னு கூசிக் குறுகிக்கிட்டு இருந்தேன். அவர் உண்மை பேசின ஒரே இடம் அந்த டாக்டர் அறைதான். அப்ப குளியலறையில கையை மடக்கி விரிச்சது? அது யாருக்கு?

— அது பரீட்சைக்கு இல்ல. தினமும் பார்ப்பேன். இன்னும் இருக்கான்னு. வருஷம் போகப் போக வியாதி திரும்ப வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். போயிடுமோன்னு பயம்.

— எது போயிடுமோன்னு?

— கை. அப்புறம்... நீ.

— சீ. அதை இப்பச் சொல்லாதீங்க. நாப்பது வருஷம் பூட்டி வெச்ச வாயை இன்னைக்குத் திறக்கறார், உள்ளேர்ந்து இதுதான் வருது. உங்க கால் நகத்தைப் பாயில ஒவ்வொண்ணாப் பொறுக்கியிருக்கேன். உங்க காது அழுக்கை நக இடுக்குலேர்ந்து கழுவியிருக்கேன். கை விளங்காதவர்னு நினைச்சு அருவருப்பை விழுங்கினேன். விழுங்கிட்டு, இப்படி அருவருப்புப்படறோமேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். நீங்க மடியில படுத்துக்கிட்டு, நல்ல கை ரெண்டையும் வயித்து மேல கட்டிக்கிட்டுத் தூங்கினீங்க.

— சில நாள் தூங்கல. தூங்கற மாதிரி இருந்தேன்.

— அது இன்னும் அசிங்கம்.

— அண்ணா, எனக்குச் சந்தோஷப்படறதா, காறித் துப்பறதான்னு தெரியல. ஆபரேஷன் வேலை செஞ்சிருக்கு. என் அண்ணன்தான் விளங்கல.

— துப்பு. பரவாயில்ல. ஆனா ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்னு சொல்லிடாத. நீ வேண்டாம்னு சொல்லலைன்னா நான் இதைச் சாகற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன் மசுமி. அதையும் சொல்லிடறேன்.

— பாருடி, தியாகம் பண்ணிட்டாராம். தங்கச்சிக்காக உண்மையைச் சொல்லிட்டாராம். அதுக்கும் நான் தலை வணங்கி நன்றி சொல்லணுமோ என்னமோ.

— நொபுயோ, மீன் ஆறிடும். நீயும் உக்காந்து...

— என் பேரைச் சொல்லாதீங்க. இனிமே உங்க வாயில அது வரக் கூடாது. மசுமி, அந்தப் போனைக் குடு, எண்ணை நான் அமுக்கறேன். சம்மதம்னு சொல்லு.

— சொல்றேன் அண்ணி. வியாழக்கிழமையே வந்துடறேன்னு சொல்றேன். ஆனா ஒண்ணு, வீட்டுக்கு அனுப்பினப்புறம் கூட இருந்து பார்த்துக்க யாரு இருக்காங்கன்னு கேப்பாங்களே. எனக்குன்னு அங்க யாரும் இல்ல. இந்த நிலைமையில உங்களை வாங்கன்னு கூப்பிட வாய் வரல.

— என்னைக் கூப்பிடாத, கனாசவாவுல எனக்கு அறை தேடற வேலை இருக்கு. அண்ணன் பேரைச் சொல்லு. சோறு ஊட்டுவார், தலை சீவி விடுவார், வேணும்னா கழுவியும் விடுவார். டாக்டரே மெச்சின கை. உனக்கு நல்லானப்புறமும் திருப்பி அனுப்ப வேண்டாம்.